சாட்டைக் குச்சியும் சொடுக்கியும்

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கத்து டூவீலர் பட்டறைகளுக்கு ஒரே சாயலில் வண்டிகள் வந்து சேரும். ஹாரன் அடிக்காத வண்டி, அடித்தால் நிற்காத வண்டி, இண்டிகேட்டரைத் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்காத வண்டி, டிம்மில் எரியாமல் பிரைட்டில் மட்டும் எரிந்து எதிரே வருகிறவரிடம் வசவு வாங்கித்தரும் வண்டி. அக்னி லிங்கம், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் என்று நீளும் இந்தச் சாலையில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டவர் ஏராளம். வெயில் ஏறுமுன் ஊர் திரும்புகிறவர்கள், ஆசையாக வாங்கி வைத்த பழைய புல்லட்டை வாடகை வீட்டு மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அந்தத் தார்ப்பாய்க்குள் பார்த்த வேலை மார்கழியில்தான் தெரியவரும். மெக்கானிக் ஹேண்டில்பாரின் இடக்கைப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சுச்சுல களிம்பு ஏறிக்கிது சாமி" என்பார். (இந்தச் சாலையில் வெள்ளைக்காரரும் சாமிதான், காவி கட்டியவரும் சாமிதான், ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறவரும் சில நேரம் சாமிதான்.)

அவர் சொன்னதில் வரலாறு உள்ள சொற்கள் இரண்டு. களிம்புக்குப் பிறகு வரலாம். முதலில் அந்தச் சுச்சு.

எழுத்தில் 'சுவிட்ச்' என்று போடுகிறோம். ஆனால் வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் வாய்க்குப் பழக்கமில்லாதது. ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துச் சுவிட்சு ஆக்கும். நடுவில் முட்டும் ட்-டையும் வி-யையும் உதறிவிட்டுச் சுச்சு, சிச்சு என்று முடித்துக்கொள்ளும். வீட்டுச் சுவரில் இருப்பதும் சுச்சு, பம்புசெட் கொட்டகையில் இருப்பதும் சுச்சு, வண்டியின் கைப்பிடியில் இருப்பதும் சுச்சு. கைபேசி வந்தபின் 'சுவிட்ச் ஆஃப்' தனியாக ஒரு வாழ்வு பெற்று, கடன் கொடுத்தவரிடமிருந்து ஒளிந்துகொள்ளும் ஆளின் நிலையைக்கூடக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு நெருங்கிப் பழகிய சொல்லைப் பார்த்து 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் சுவையானது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் மின்விளக்கைவிட இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்தில் தென்படும்போது அதற்குக் குதிரையோட்டி கையில் வைத்திருக்கும் மெல்லிய, வளையும் குச்சி என்றே பொருள். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் குதிமுள்ளோடு சேர்ந்து அப்படித்தான் வருகிறது. குதிரையைக் குதிகாலால் குத்துவது ஒன்று, கையிலிருக்கும் குச்சியால் சுளீரென்று போடுவது இன்னொன்று. அதற்கும் பின்னே போனால், டச்சு, ஃபிளெமிஷ் மொழிப்புறத்தில் மரக்கொம்பு, சிறுகிளை என்று பொருள்படும் ஒரு சொல்லோடு உறவு இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். சுருங்கச் சொன்னால், நம் வண்டியின் கைப்பிடியில் இருப்பது ஒரு மரக்கிளை.

இந்தப் பழம்பொருளுக்குத் தமிழில் துல்லியமான சொல் உண்டு: விளார். வளார் என்றும் மிலாறு என்றும் சொல்கிற ஊர்களும் உண்டு. புளியம் விளார் என்றால் பழைய தலைமுறைக்கு இன்றும் கெண்டைக்கால் கூசும். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் கையில் இருந்தது அதுதான். ஒடியாது, வளையும், வீசினால் காற்றைக் கிழிக்கும். பிரம்புக்கும் விளாருக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் அடி வாங்காதவர்கள். ஆங்கிலத்தில் அதே சொல்லுக்குப் பசுவின் வால்நுனிக் குஞ்சம் என்றும், பெண்கள் கூந்தலோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் பொய்முடிக் கற்றை என்றும் பொருள்கள் ஏறின. அதாவது நம் சவுரி. குச்சி, வால், சவுரி மூன்றுக்கும் பொது என்ன? ஒரு முனை பிடிமானத்தில் இருக்க, மறுமுனை சட்டென்று திசை மாறுவது.

அந்தச் 'சட்டென்று திசை மாறுவது' என்ற கருத்துதான் சொல்லைக் குதிரை லாயத்திலிருந்து இருப்புப்பாதைக்கு இழுத்துக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தண்டவாளத்தில் ஓடும் பெட்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பும் அமைப்புக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. ஒரு முனை நிலைத்திருக்க, கூராகச் சீவப்பட்ட மறுமுனை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒட்டிக்கொள்ளும் தண்டவாளத் துண்டு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பாயிண்ட்ஸ் என்றார்கள். அவர்கள் போட்ட பாதை என்பதால் நமக்குப் பாயிண்ட்ஸ்மேன்தான் கிடைத்தார்.

இங்கே ஒரு சிறிய விலகல், ஆனால் இந்த ஊருக்கு வேண்டியது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து ரயிலேறிய பதினாறு வயது வேங்கடராமன், பழைய அட்லாஸைப் பார்த்துவிட்டுத் திண்டிவனத்துக்குச் சீட்டு எடுத்திருந்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை வைத்துவிட்டு வந்த பையன். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளைப்பாதை போட்டாயிற்று என்பது அந்த அட்லாஸுக்குத் தெரியாது. பெட்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, கையில் இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், பிறகு அறையணிநல்லூர், கீழூர் என்று கால்நடையாகவும் போய், கடைசியில் திருக்கோவலூரில் ரயிலேறி செப்டம்பர் 1 காலை இங்கே வந்து சேர்ந்தார். விழுப்புரத்தில் காட்பாடிப் பாதை பிரியும் இடத்தில் ஒரு தண்டவாள நாக்கு திசை மாறியிராவிட்டால், பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்தவரின் வழி இன்னும் சுற்றுவழியாகியிருக்கும். செங்கம் சாலையில் ஆசிரமமே சுவிட்ச் போட்டு வந்ததுதான் என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தந்தியும் மின்சாரமும் வந்தபோது, 19ஆம் நூற்றாண்டில், இருப்புப்பாதைச் சொல் அப்படியே கம்பிக்குப் பெயர்ந்தது. ரயிலைத் திருப்பியது மின்னோட்டத்தைத் திருப்பியது. ஆனால் மின்சாரத்தில் ஒரு புதுத் தொல்லை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை மெல்லப் பிரித்தால் அது விடாது. இரண்டு உலோக முனைகளும் விலக விலக, இடையிலுள்ள காற்றின் வழியே தீப்பொறியாக நீண்டு கொண்டே வரும். வரும்போது முனைகளைத் தின்னும். தொடக்ககாலச் சுவிட்சுகளில் இதனால் செம்பு கருகிப் போவது சாதாரணம். 1884இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் இதற்கொரு வழி கண்டார். கை எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரு கட்டத்தில் மேற்கொண்டு கையின் வேகத்துக்குக் காத்திராமல் தானே 'டக்'கென்று முனைகளைப் பிரித்துவிடும். இன்று வரை சுவரில் கேட்கும் அந்த 'டக்' அவருடைய வேலைதான்.

ஆக, நல்ல சுவிட்சின் உயிர் அது மாறும் வேகத்தில் இருக்கிறது. நிற்கும் இடங்கள் இரண்டே. நடுவில் தங்கக் கூடாது. இந்தப் பொறியியல் உண்மையைத் தமிழில் ஒரே சொல்லில் வைத்தவர் யாரோ, அவருக்கு நான் கும்பிடு போடுவேன். அவர் வைத்த பெயர் சொடுக்கி.

சொடுக்குதல் என்றால் என்ன? வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவார். விரலால் சொடக்குப் போடுவோம்; விரல் மூட்டில் சொடக்கு எடுப்போம். மூன்றிலும் ஒரு பொது இயக்கம்: தேக்கி வைத்த வலு ஒரு கணத்தில் விடுபட்டு ஓசையோடு முடிகிறது. சாட்டை சொடுக்கும்போது கேட்பது தோல் எதன்மீதும் படும் ஓசை அல்ல. சாட்டையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்றில் எழும் வெடிப்பு அது. மாட்டின் முதுகில் படாமலே வண்டிக்காரர் மாட்டை விரட்ட முடிவது அதனால்தான். (சாட்டைக்கு இன்னொரு பெயரான சவுக்கு, உருது வழியாக வந்த சாபுக், அதுவும் குதிரைப்படையோடு வந்திருக்க வேண்டும்.)

இப்போது இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல் குதிரைச் சாட்டைக் குச்சியில் தொடங்கி, திசைமாற்றத்தைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்துக்கு வந்தது. தமிழ்ச் சொல் சாட்டையின் சொடுக்கில் தொடங்கி, ஓசையையும் வேகத்தையும் பிடித்துக்கொண்டு மின்சாரத்துக்கு வந்தது. ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல; சொடுக்கியை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்து ஆக்கியதாகத் தெரியவில்லை. 'டக்' என்ற ஓசையைக் கேட்டுப் பெயர் வைத்தார். பெயர் போய்ச் சேர்ந்த இடம் அதே குதிரை லாயம்.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. அவற்றை நான் அவ்வளவு மதிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளி ஆய்வகத்தில் சாவி என்பார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'ஷாவே'. கதவுக்குச் சரி; ஆனால் ஏற்கெனவே ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் உயிர்பெறும் வண்டியில் இன்னும் நாலு சாவியை வைத்தால் மெக்கானிக் எந்தச் சாவியைக் கேட்கிறார் என்று குழம்ப வேண்டும். பொத்தானும் போர்த்துக்கீசியர் சரக்குதான். ஹாரனுக்குப் பொருந்தும், பக்கவாட்டில் தள்ளும் இண்டிகேட்டருக்குப் பொருந்தாது. விசை என்பது எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை, அதுபோக இயற்பியலில் நியூட்டனின் விசை. விசையை எவ்வளவு விசையோடு அழுத்த வேண்டும் என்று பாடநூல் எழுதுகிறவர் தவிக்க வேண்டியதுதான். நிலைமாற்றி இருக்கிறது, அலுவலகத்தில் பிறந்த பிள்ளை, வெயிலில் இறங்கி விளையாடாது.

மதிக்கத்தக்க போட்டி ஒன்றே: இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'ஆளி'. மின்சுற்றை ஆள்வது ஆளி. இரண்டே எழுத்து, ஏற்கெனவே உகரத் தொல்லை இல்லாத முடிவு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறையாக ஆளியை மூடியும் திறந்தும் மின்குமிழை எரித்துப் படித்திருக்கிறார்கள். நமக்கு அது ஒட்டாததற்குக் காரணம் எளியது. இங்கே ஆளி என்றால் அண்ணாமலையார் கோயில் தூணில் வாய் பிளந்து நிற்கும் யாளியும், நாட்டுமருந்துக் கடை ஆளிவிதையும்தான் நினைவுக்கு வரும். கணினிக்காரர்கள் சொடுக்கு என்பதைச் சுட்டியின் 'கிளிக்'குக்கு எடுத்துக்கொண்டது உண்மைதான். அதனால் சொடுக்கிக்கு நட்டம் எதுவும் இல்லை. இரண்டு இடத்திலும் அதே ஓசை.

மெக்கானிக் இதையெல்லாம் எடைபோட்டுப் பேசப்போவதில்லை. அவருக்குச் சுச்சு போதும். ஆனால் சொடுக்கி என்ற பெயர் எவ்வளவு சரி என்பதை அவர் கைதான் காட்டிக்கொடுக்கும். பழைய புல்லட்டின் இடக்கைச் சுவிட்ச், ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு அரைக்கூடுகள். அடியில் இரண்டு ஸ்க்ரூ. முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுவார். கழற்றாமல் வேலை பார்க்கிறவரின் பட்டறைக்குப் போகாதீர்கள். துருவேறிய ஸ்க்ரூவில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். பிறகு கூட்டைப் பிரிக்கும் முன் கீழே ஒரு பழைய துணியை விரிப்பார். அந்தத் துணிதான் அனுபவம். உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு உருண்டை ஒன்று, அதன் அடியில் மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று. நாம் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தள்ளும்போது விரலுக்குத் தெரியும் அந்தச் சொடக்கு, உருண்டை ஒரு பள்ளத்திலிருந்து எம்பி அடுத்த பள்ளத்தில் விழுவது. துணி விரிக்காதவர் கூட்டைத் திறந்ததும் உருண்டை செங்கம் சாலைக்குப் போய்விடும், பேருந்துச் சக்கரம் அதைப் பார்த்துக்கொள்ளும். உருண்டை போன சுவிட்ச் வேலை செய்யும், ஆனால் சொடுக்காது. நடுவில் நிற்கும். நடுவில் நின்றால் முனைகள் பாதி தொட்டும் பாதி தொடாமலும் பொரிந்து கருகும். ஹோம்ஸ் 1884இல் தீர்த்த நோய் திரும்ப வந்துவிடும்.

அப்புறம் களிம்பு. தகட்டின்மேல் பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டி இருப்பது. செம்பும் பித்தளையும் ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் கூடிப் பெற்ற பிள்ளை. மின்சாரம் அதன் வழியே போகாது, அல்லது மூச்சு வாங்கிக்கொண்டு போகும். இந்தச் சொல்லின் வரலாறு சுவிட்சைப்போல் கடல் கடந்து வந்தது அல்ல. இங்கேயே, சைவர்களிடம் விளைந்தது. ஆணவ மலம் உயிரை எப்படிப் பற்றியிருக்கிறது என்று கேட்டால் சித்தாந்த நூல்கள் தரும் மறுமொழி, செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல. எப்போது வந்தது என்று சொல்ல முடியாதபடி கூடவே இருப்பது. திருமந்திரத்திலும் இந்தக் களிம்பு உண்டு; அதை அறுப்பவன் இறைவன். ரசவாதக் குளிகை பட்டால் செம்பின் களிம்பு நீங்கிப் பொன்னாகும் என்ற நம்பிக்கை அந்த உவமையின் பின்னே இருக்கிறது. பட்டறையில் பொன் ஆகாது, ஹாரன் அடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், களிம்பு என்ற அதே சொல் புண்ணில் தடவும் மருந்துக்கும் பெயர். வைத்தியர்கள் செம்புப் பச்சையைக் கூட்டி மருந்துத் தைலம் காய்ச்சியதிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியானாலும் இன்று நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர். பட்டறையில் நடப்பதும் அதுதான். ஒரு களிம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் இன்னொரு களிம்பை, வாஸ்லினையோ அதற்கென்றே விற்கும் கிரீஸையோ, மேலே மெல்லப் பூசுகிறார். ஈரம் மறுபடி தகட்டைத் தொடாதிருக்க.

சுரண்டுவதில்தான் கைப்பக்குவம். அவசரக்காரர் உப்புத்தாளைப் போட்டு இழுப்பார். பச்சை போய்த் தகடு பளபளக்கும். மேற்பூச்சும் சேர்ந்து போகும். அடுத்த மழைக்கு இரட்டிப்பாகக் களிம்பேறும். பொறுமைக்காரர் முதலில் பெட்ரோலில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் எண்ணெயையும் மண்ணையும் கழுவுவார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தகட்டைத் தேய்ப்பார். பென்சில் கோடு அழிவதுபோல் பச்சை அழியும். இடுக்குகளுக்கு ஸ்ப்ரே. அடுக்களையில் செம்புக் குடத்துக்குப் போடும் புளியும் இந்தப் பச்சையைக் கரைக்கும்தான், புளிப்பின் அமிலம் அந்த வேலையைச் செய்யும். ஆனால் கழுவாமல் விட்ட புளி தகட்டைத் தொடர்ந்து அரிக்கும் என்பதால் சுவிட்சுக்கு ஆகாது. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம்: விளாரையும் தந்து, களிம்புக்கு மருந்தும் தந்தது ஒரே புளியமரம்.

கூட்டை மூடும்போது ஒரு கண்டம் இருக்கிறது. இரண்டு அரைக்கூடுகளுக்கும் நடுவில் வயர் மாட்டிக்கொண்டு தோல் உரிந்துவிடும். சில வண்டிகளில் ஹாரன் பொத்தான் செய்வது எர்த் கொடுப்பது மட்டுமே. அப்படியிருந்தால் உரிந்த வயர் ஹேண்டில்பாரைத் தொடும்போதெல்லாம், பொத்தானை யாரும் அமுக்காமலே, வண்டி கூவும். எனவே மூடியதும் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பார். கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் வளைவில் திரும்பும்போது தானாகக் கூவும் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு நிமிடத்தின் அருமை தெரியும்.

ஹாரன் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அது விலங்கின் கொம்பு. பிறகு ஊதும் கொம்பு. பிறகு மோட்டார் வண்டியின் ஒலிப்பான். தமிழிலும் கொம்பு முதல் இரண்டு படிகளையும் அப்படியே ஏறியிருக்கிறது. கோயில் வாத்தியங்களில் கொம்பு உண்டு. ஆனால் தமிழ்க் கொம்புக்கு ஆங்கிலத்தில் இல்லாத இன்னொரு பொருள் இருக்கிறது: மரக்கிளை. கொழுகொம்பு, கொம்புத்தேன். அப்படியானால் இடக்கைப் பக்கம் இருக்கும் இரண்டு பெயர்களையும், கிளையிலிருந்து வந்த சுவிட்சையும் விலங்கின் தலையிலிருந்து வந்த ஹாரனையும், கொம்பு என்ற ஒரே தமிழ்ச் சொல் அளந்துவிடும். இதை வைத்து யாரும் புதுக் கலைச்சொல் ஆக்கிவிட வேண்டாம். பார்த்து ரசித்தால் போதும்.

முகப்பு விளக்கைத் தாழ்த்துவதற்கு வழங்கும் 'டிப்' என்ற பெயரில் ஒரு மறைந்த இயந்திரம் இருக்கிறது. இரட்டை இழை பல்பு 1920களில் பரவுவதற்கு முன்னும், பிறகு சில காலமும், சில பிரிட்டிஷ் வண்டிகளில் முகப்பு விளக்கின் பிரதிபலிப்புக் கிண்ணமே உள்ளுக்குள் தலை சாய்க்கும். குனிவதால் டிப். அந்தக் கிண்ணம் போய் எத்தனையோ காலம் ஆகியும் பெயர் போகவில்லை. லாரிகளின் பின்புறம் இரவில் டிப்பர் பயன்படுத்தச் சொல்லும் வாசகமாக நாடெங்கும் நிலைத்துவிட்டது. ஓட்டுநர்களுக்கிடையே எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக டாட்டா மோட்டார்ஸ் ஒரு ஆணுறைக்கே டிப்பர் என்று பெயர் வைத்தது. டிம் மட்டும் அமெரிக்க வழக்கு. நம் மெக்கானிக் இரண்டையும் சேர்த்து 'டிம்-டிப்' என்று ஒட்டிவிட்டார்.

பிரிட்டிஷ் வண்டிகளின் மின்சாதனங்களைச் செய்த பர்மிங்காம் லூகாஸ் நிறுவனத்தைப் பற்றி அந்நாட்டு மோட்டார்சைக்கிள்காரர்களிடம் ஒரு பழைய கிண்டல் உண்டு. 'சாலையின் அரசன்' என்று விளக்குக்குப் பெயர் வைத்து விற்ற ஜோசப் லூகாஸுக்கு அவர்கள் கொடுத்த பட்டம் 'இருளின் இளவரசன்'. லூகாஸ் சுவிட்சுக்கு மூன்று நிலை: மங்கல், மினுக்கல், அணைதல் என்பார்கள். அந்த லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து 1961இல் சென்னைப் பாடியில் தொடங்கியதுதான் லூகாஸ்-டிவிஎஸ். புல்லட்டும் அப்படித்தான் வந்தது. ஊசி செய்வதற்குப் பெயர்போன ரெடிச் ஊர்க் கம்பெனி, 1893இல் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கொடுத்த பெருமையில் ராயல் என்ஃபீல்டு ஆகி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்துத் திருவொற்றியூரில் வேர்விட்டது. துப்பாக்கிப் பெயர் வண்டிக்கு வந்ததால் வண்டிக்குத் தோட்டாவின் பெயர் வந்தது.

வலக்கைப் பக்கம் வருவோம். புதிய வண்டிகளில் அங்கே சிவப்பாக ஒன்று, அதன் கீழே சிறியதாக ஒன்று. சிவப்பு 'கில்', சிறியது 'செல்ஃப்'. 1912இல் காடிலாக் கார், கையால் சுழற்ற வேண்டாத, சார்ல்ஸ் கெட்டரிங்கின் மின்சாரத் தொடக்கியோடு வெளிவந்தபோது அது 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'. நாம் ஸ்டார்ட்டரை உதறிவிட்டு செல்ஃபை மட்டும் வைத்துக்கொண்டோம். 'செல்ஃப் எடுக்கல', 'செல்ஃப் அடி', 'செல்ஃப் போயிடுச்சு'. வேறு ஊரில் இது வெறும் பட்டறைப் பேச்சு. ரமணாசிரமத்துப் புத்தகக் கடையில் ஆத்ம விசாரத்துக்கு ஆங்கிலத்தில் அதே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்ட நூல்கள் வரிசையாக நிற்கின்றன. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவான 'நான் யார்?' அங்கே பல மொழிகளில் கிடைக்கும். அந்த நூலோடு வெளியே வருகிற வெளிநாட்டுச் சாமி, தன் வண்டியைக் கிளப்பப் பார்த்து, கிளம்பாமல், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், முதல் வாக்கியமே "உங்க செல்ஃப்ல ப்ராப்ளம் சாமி" என்றுதான் இருக்கும். பெரும்பாலும் பக்கத்தில் உள்ள 'கில்' தவறுதலாகத் தட்டப்பட்டிருக்கும். அதைப் பழைய நிலைக்குத் தள்ளினால் செல்ஃப் எடுத்துவிடும். கில்லை நீக்கினால்தான் செல்ஃப் வரும் என்பது ஆசிரமத்தில் சொல்வதற்கு நேர் எதிர்.

இப்பெயர்களில் ஒன்று இந்தியச் சாலையிலிருந்து சத்தமில்லாமல் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கும் தானாக எரிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. அதனால் 'லைட் சுவிட்ச்' என்ற ஒன்றே புது வண்டிகளின் கைப்பிடியில் இல்லை. டிம்மும் பிரைட்டும் இருக்கும், அணைக்க வழி இருக்காது. மேலும் 2020இல் வந்த மீட்டியோர் 350 முதலாகச் சில என்ஃபீல்டுகளில் தள்ளும் சுவிட்சுக்குப் பதில் திருகும் வட்டச் சுவிட்சுகள் வந்தன. பழைய காலத்துச் சாயல் வேண்டும் என்று. அதைச் சொடுக்க முடியாது, திருகத்தான் வேண்டும். பட்டறையில் அதற்கும் சுச்சு என்றுதான் பெயர்.

சட்டம் மாறிய அளவுக்குச் சாலை மாறவில்லை. செங்கம் சாலையில் பட்டப்பகலில் விளக்கு எரியும் வண்டியைக் கண்டால், எதிரே வருகிறவர் இன்றும் அக்கறையோடு ஒரு கையைத் தூக்கி, விரல்களை விரித்து மூடி விரித்து மூடி, 'லைட் எரியுது' என்று சைகை காட்டுகிறார். வண்டிக்காரரும் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு, அணைக்க முடியாத விளக்கோடு போய்க்கொண்டே இருக்கிறார்.